மணிக்கட்டு, மூன்று படம்

மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே அறை.
மழை. இரவு பத்தேகால்.
வெள்ளைச் சட்டையில் முழங்கைவரை சேறு.
கெடிலம் பாலத்தில் சைக்கிள் சறுக்கியதாம்.
மார்பில் கறுப்புப் பட்டை: எல்டர் யெல்லபு.
எல்டர் என்றால் மூத்தவர்.
பதிவேட்டில் வயது இருபது.

கூடவே இன்னொருவன், நாகாலாந்துக்காரன்.
தனித்தனியே திரியக் கூடாதென்று
அவர்களுக்குச் சட்டம்.
கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னேன்.
கண்ணாடித் துண்டு வழியாக
நண்பனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கையை நீட்டு தம்பி. அசையாதே.
நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று,
சாய்வாக ஒன்று.

"நீங்க கிறிஸ்தவங்களா அக்கா?"
என் கழுத்துச் சிலுவையைப் பார்த்திருக்கிறான்.
லுத்தரன், என்றேன்.
"நாங்க மோர்மன்."
அந்தச் சொல்லைச் சொல்லுமுன்
எங்கள் போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.

ஞாயிறு பள்ளியில் ஒருமுறை
பழைய பிலிம் மூன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன்:
ஒரே எலும்பு, மூன்று கோணம்.
பிதா, குமாரன், பரிசுத்த ஆவி.
போதகர் தனியே கூப்பிட்டார்.
"ரூபவதியம்மா, அது ஆயிரத்தெண்ணூறு வருஷத்துப் பழைய தப்பு.
ஒருத்தர் மூணு வேஷம் கட்டலை.
மூவர்தான். ஆனா மூணு கடவுள் இல்லை.
படம் காட்டாதீங்க. பணிந்துகொள்ளுங்க."

இவனிடமும் சொல்லிப் பார்த்தேன்.
இவனும் இல்லையென்று தலையாட்டினான்.
"மூணு படம் இல்லைக்கா. மூணு பேஷன்ட்.
நோக்கம் மட்டும்தான் ஒண்ணு.
பிதாவுக்கு உடம்பு இருக்கு. சதை, எலும்பு."
உடையாத கையை விளக்கில் தூக்கிக் காட்டினான்.
"இந்த மாதிரி."

இருபத்திரண்டு வருடமாக எலும்பு பார்க்கிறேன்.
எலும்பு என்றால் எனக்கு
உடைவது.
என் கடவுளிடம் உடைய எதுவும் இல்லை.
ஓரமில்லை, எடையில்லை,
எந்தப் பிலிமிலும் விழமாட்டார்.

"அவரும் ஒருகாலத்துல நம்ம மாதிரி இருந்தவர்னு
எங்க பெரியவங்க சொல்லியிருக்காங்க.
நாமளும் வளர்ந்து வளர்ந்து..."
என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.
திரையில் அவன் எலும்பு முனையைத் தொட்டுக் காட்டினேன்:
வளர்ச்சிக் கோடு மூடிவிட்டது தம்பி.
சிரித்தான். வலியில்
பாதியில் நின்றது சிரிப்பு.

அதற்குப் பிறகுதான் கேட்டேன்.
டூட்டி நேரத்தில் கேட்டிருக்கக் கூடாது.
உடம்பு என்றால் ஓரிடத்தில்தானே இருக்கும்?
அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை
தேவனாம்பட்டினத்தில் கடல் எழுந்து வந்தபோது
உன் பிதா எந்த இடத்தில் இருந்தார்?

வாசலில் நின்றவன் தன் ஷூவைப் பார்த்தான்.
யெல்லபு சொன்னான்:
"அப்ப நான் பொறக்கலைக்கா.
அவர்கிட்டதான் இருந்தேன். ஞாபகம் இல்ல.
ஆனா அழுதிருப்பார்.
அவருக்குக் கண்ணு இருக்கு."

என் கடவுள் எங்கும் இருப்பவர்.
அப்படியென்றால் அலைக்குள்ளும்.
அன்று நான் வேலைக்குப் புதிது.
இதே மேசையில் மண் விழுங்கிய நெஞ்சுகள்.
மூச்சைப் பிடி என்று நான் சொல்லுமுன்
ஒருத்தி விட்டுவிட்டாள்.

மயிரிழை முறிவு. ஆறு வாரம் கட்டு.
உறையில் போட்டுக் கொடுத்தேன்.
"உங்களுக்காக ஜெபிக்கிறோம் அக்கா."
நானும், என்றேன், வழக்கம்போல.
யாரிடம் என்று இருவருமே கேட்கவில்லை.
அடுத்து ஓர் இருமல்கார மீனவர்.
இழுங்க. பிடிங்க. விடுங்க.

காலை ஆறரைக்கு பஸ் நிறுத்தத்தில்தான்
பதில் வந்தது:
அழக் கண் வேண்டுமென்றுதானே
என் கடவுளும் ஒரு தடவை
மரியாளிடம் கண் வாங்கினார்.
மணிக்கட்டும் அவளிடம்தான்.
ஆணி இறங்கியது அதில்தான்.

பதிவேட்டில் அவன் விலாசம் இருக்கிறது.
திரும்ப நடந்தால் ஐந்து நிமிடம்.
பண்ருட்டி பஸ் வந்துவிட்டது.
ஜன்னலோரம்
இடமும் இருந்தது.